தடை நாள் வாளி

“இன்னைக்காவது போடுவியளா, மாட்டியளா?”

கேட்டவள் இசக்கிச்செல்வி. போட வேண்டியவர் அவள் கணவர், தலைமைக் காவலர் சுடலையாண்டி. போட வேண்டியது ஐந்தருவியில் குளிக்கத் தடை.

சுடலையாண்டி இட்லியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தண்ணி கூடுனா போடுவேன். கூடாம எப்படிப் போட?”

“ராத்திரி பூரா சாரல் அடிச்சிச்சே.”

“சாரல் அடிச்சா துணி காயாது. தண்ணி கூடாது.”

“உங்களுக்கு மனசில்ல. அதைச் சொல்லுங்க.”

இருபத்தெட்டு வருட சர்வீஸில் அவர் பார்க்காத ரகம் இல்லை. ஆனால் வெள்ளம் வந்ததா என்று பல் விளக்குமுன் கேட்கிற பெண்டாட்டியை இந்த ஆடியில்தான் பார்க்கிறார். இடது முழங்கால் வலித்தது. பூட்ஸ் நேற்றைய ஈரத்தோடு வாசலில் கிடந்தது. கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினார்.

வருடா வருடம் சீசன் வந்தால் அவருக்கு ஐந்தருவியில்தான் டூட்டி. வேலை எளிது. ஐந்து கிளையும் தனித்தனியாக விழுந்தால் குளிக்க விட வேண்டும். மலையில் மழை பெய்து, ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்து விழ ஆரம்பித்தால் விசில் ஊதி, எல்லாரையும் வெளியேற்றி, கயிற்றைக் கட்டி, ‘குளிக்கத் தடை’ பலகையை வைக்க வேண்டும். கிளைகள் பிரிந்ததும் கயிற்றை அவிழ்க்க வேண்டும். குளிக்க வந்தவன் நாலு வார்த்தை முனகுவான், சிப்ஸ் வாங்கித் தின்பான், காத்திருப்பான். இத்தனை வருடத்தில் தடையால் யாரும் சந்தோஷப்பட்டு அவர் பார்த்ததில்லை.

இந்த வருடம் தென்காசியில் முத்துவடிவு சில்க்ஸ் ஒரு பேனர் வைத்தது. மூன்று மாடிக் கட்டடத்தின் முகத்தையே அது மூடிவிட்டது.

‘ஐந்தருவியில் தடையா? எங்கள் கடையில் பாதி விலை! தடை அமலில் இருக்கும் நேரம் முழுவதும். ஒவ்வொரு பில்லுக்கும் அருவிப் படம் போட்ட வாளி ஒன்று இலவசம்.’

ஆடித் தள்ளுபடி எந்த ஊரில் இல்லை? அதைக் கொண்டுபோய் அருவியோடு முடிச்சுப் போட்டது யாருடைய மூளையோ. குளிக்க முடியாமல் சும்மா நிற்கிற டூரிஸ்ட்டைக் கடைக்கு இழுக்கலாம் என்று நினைத்திருப்பார்கள். இழுபட்டது உள்ளூர்தான். அதுவரை தடை என்றால் உச்சுக்கொட்டிய தென்காசி, இப்போது மேற்கே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சுடலையாண்டிக்குத் தள்ளுபடி என்ற சொல்லே ஆகாது. “குறைக்கிறவன் மொதல்ல கூட்டியிருப்பாம்லே” என்பது அவருடைய கட்சி. அட்சய திருதியைக்கு வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம்கூட வாங்க விட்டதில்லை. கூட்டத்துக்குப் பயந்து தீபாவளித் துணியைப் புரட்டாசியிலேயே எடுத்து வைக்கிறவர்.

ஆனி கடைசி நாளில் முதல் தடை விழுந்தது. இரண்டரை மணி நேரம். அன்றைக்குப் பார்த்து இசக்கிச்செல்வி ஊரில் இல்லை. வைகாசியில் கல்யாணமான மகள் மஞ்சுவை ஆடிக்கு அழைத்து வர சுரண்டைக்குப் போயிருந்தாள். மகளோடு குத்துக்கல்வலசைக்குத் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு சைதூன் பீவியின் காம்பவுண்டுச் சுவர்மேல் ஒரு சிவப்பு வாளி உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து சைதூன் பீவி தன் ஒற்றை ரோஜாச் செடிக்கு நாளுக்கு நாலு தடவை தண்ணீர் ஊற்றினாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சுரண்டையிலிருந்து சம்பந்தி உலகம்மாள் போன் செய்தாள். ஆடி கடைசி வெள்ளிக்குள் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் போக வேண்டும். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, சம்பந்தி அம்மாளுக்குச் சேலை. போனை ஸ்பீக்கரில் போட்டுக் குடும்பமே கேட்டது.

“மூத்த மருமக வீட்டுல தடை அன்னைக்கே எடுத்துட்டாவ மதினி. வாளியோட கொண்டாந்து வச்சாவ. உங்களுக்கு என்ன, தடையே உங்க வீட்டுக் கையில இருக்கு. நீங்க நெனச்சா வாளி என்ன, அண்டாவே வரும்.”

உலகம்மாள் சிரித்தாள். மஞ்சு சிரிக்கவில்லை. போனை வைத்ததும் மெதுவாகச் சொன்னாள்.

“வாளி இல்லாமப் போனா அடுத்த ஆடி வரைக்கும் சொல்லிக் காட்டுவாவப்பா.”

அது சுடலையாண்டியின் நெஞ்சில் போய்த் தைத்தது. மகள் இனி அந்த வீட்டில்தான் உண்ண வேண்டும், உறங்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் வாளிக்காக அவள் அங்கே முகம் வாடி நிற்பதை நினைத்தபோது அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

ஆடி பிறந்தது. தண்ணீர் கூடவில்லை. போன்தான் கூடியது.

“அண்ணாச்சி, தண்ணி எப்படி?” என்று சித்தப்பா மகன் கேட்டான். “மாமா, தண்ணி எப்படி?” என்று மைத்துனன் மகள் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன் முப்பது வருடம் கழித்துக் கூப்பிட்டு, நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்காமல் தண்ணி எப்படி என்றான். சரியாகப் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டரும் கூப்பிடுவார்.

“ஏட்டையா, தண்ணி எப்படி?”

“நார்மல் சார். அஞ்சும் தனித்தனியா விழுது.”

“ம்.” ஒரு பெருமூச்சு. “நல்லாப் பாத்தீரா?”

“பாத்தேன் சார்.”

“சரி. பாரும்.”

சித்திரையில்தான் மாறுதலாகி வந்தவர். பொறுப்பான மனுஷன் என்று சுடலையாண்டி நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் மதியத்துக்குள் நாற்பது அழைப்பு வந்தது. நாற்பத்தொன்றாவது மணி அடித்ததும் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். முதல் தப்பு அதுதான்.

போனில் கிடைக்கவில்லை என்றதும் மறுநாள் ஆட்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள். குத்துக்கல்வலசையிலிருந்து இரண்டு ஆட்டோ பிடித்துப் பதினோரு பெண்கள். யாரிடமும் துண்டு இல்லை, மாற்றுத்துணி இல்லை. எல்லார் கையிலும் கட்டைப்பை இருந்தது. அருவிக்கு எதிரே இருந்த பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தார்கள். முன்வரிசையில் சைதூன் பீவி.

“நீங்கதான் வாங்கிட்டியளே” என்றார் சுடலையாண்டி.

“ஒரு வாளி வச்சு என்ன செய்ய அண்ணாச்சி? வெளியில ஒண்ணு, குளிக்கிற அறைக்கு ஒண்ணு வேணும்லா.”

பத்தே காலுக்கு ஜீப் வந்து நின்றது. டிரைவர் பாண்டியராஜ் இறங்கி வந்தான்.

“அண்ணாச்சி, ஐயா கேக்காவ, தண்ணி எப்படின்னு. போனை ஏன் அணைச்சியன்னும் கேக்காவ. பத்து மணிக்கு அவங்களுக்கு நிலவரம் தெரிஞ்சாகணுமாம். ரொம்பப் பதறிட்டாவ.”

பாண்டியராஜ் தன் போனில் அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தான். அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டரின் குரல் நிஜமாகவே நடுங்கியது. “இனிமே போனை அணைக்காதீரும் ஏட்டையா. எனக்கு வேற வழி இல்ல” என்றார்.

அதற்குப் பிறகுதான் சுடலையாண்டி ஒரு முடிவுக்கு வந்தார். இந்தச் சலுகை ஒரு மோசடி என்று காட்டிவிட்டால் ஊர் அடங்கிவிடும். இதற்குத் துப்புத் துலக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சைதூன் பீவி எடுத்த சேலையின் அட்டையை வாங்கிப் பார்த்தார். பச்சை, மாங்காய்க் கரை. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தை அடித்துப் பாதி போட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு, டூட்டி முடிந்த கையோடு, தடை இல்லாத ஒரு சாயங்காலம் முத்துவடிவு சில்க்ஸுக்குள் நுழைந்தார்.

கடையில் ஈ காக்கா இல்லை. எல்லாரும் தடைக்காகக் காத்திருந்தார்கள். அதே பச்சை, அதே மாங்காய்க் கரை, எந்த அடித்தலும் இல்லாத சுத்தமான அட்டை: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

அவர் அதைக் குறித்துக்கொண்டிருந்தபோது முதலாளியே மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

“ஐந்தருவி ஏட்டையாதானே? வாங்க, வாங்க. காபி சொல்லட்டா? நின்னுக்கிட்டே இருக்கியளே.”

“காபி வேண்டாம். சும்மா பாக்க வந்தேன்.”

“பாருங்க, பாருங்க. ஒரு படம் மட்டும் எடுத்துக்கிடுதோம்.”

வேண்டாம் என்று சொல்லக் கையைத் தூக்கினார். அந்தக் கையோடு படம் விழுந்தது. பார்க்கிறவர்களுக்கு அவர் கடையை ஆசீர்வதிப்பதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்து வைத்தார். இசக்கிச்செல்வியும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சைதூன் பீவியும் பார்த்தார்கள்.

“ரெண்டும் ஒரே விலை. தடை அன்னைக்கு அட்டையை மாத்துதான். பாதியும் கிடையாது, கீதியும் கிடையாது” என்றார்.

“தெரியுமே அண்ணாச்சி” என்றாள் சைதூன் பீவி.

“தெரியுமா? தெரிஞ்சா அன்னைக்கு ஏன் போய் நசுங்குனிய?”

“மத்த நாள்ல எடுத்தா வெறும் சேலை. தடை அன்னைக்கு எடுத்தா பாதி விலைச் சேலை. சவுதிக்கு அவியளுக்குப் போன் போட்டு, உங்க காசுல பாதியை மிச்சம் புடிச்சேன்னு சொல்லிக்கிடலாம்லா. வாளியும் இருக்கு.”

சுடலையாண்டி மனைவி பக்கம் திரும்பினார். “நீ சொல்லு செல்வி. ஒரே விலைதானே. நாளைக்கே போயி எடுத்துட்டு வந்துருவோம்.”

“எனக்கும் தெரியும்” என்றாள் இசக்கிச்செல்வி. அவள் குரலிலும் அலுப்புத்தான் இருந்தது. “ஊர் பூரா சேந்து ஏமாறும்போது கூட நின்னு ஏமாந்துட்டா ஒண்ணும் இல்ல. நாம மட்டும் தனியா ஒரு நாள்ல போய் எடுத்தா, ஏமாந்தவ நான்தான்னு சொல்லுவாவ. சம்மந்திக்காரி வாளி எங்கன்னு கேட்டா உங்க நோட்டையா காட்ட முடியும்?”

சுடலையாண்டி நோட்டை மூடினார். அந்த நேரம் பார்த்து மஞ்சு போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

“அப்பா, இது நீங்கதானே?”

அவர்தான். கையைத் தூக்கி ஆசீர்வதிக்கும் சுடலையாண்டி, பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய முதலாளி. கீழே ‘ஐந்தருவிக் காவலர் நம் கடையில்! தடை விரைவில்?’ என்று போட்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் ஆறு வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்துவிட்டது.

மறுநாள் ஊரில் பேச்சு மாறியது. ஏட்டுக்கும் கடைக்கும் உள்கை இருக்கிறதாம். மணிக்கு இவ்வளவு என்று பேசி முடித்தாயிற்றாம். டீக்கடையில் தெரியாத ஒருவர், “பாத்துச் செய்ங்க அண்ணாச்சி, எங்க வீட்டுலயும் ஒரு கல்யாணம் இருக்கு” என்று அவருடைய டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் மேல் ஒரு மெமோ கிடையாது. அந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேராக இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றார்.

“சார், என்னை பஸ் ஸ்டாண்டு டூட்டிக்கு மாத்திருங்க. அருவி வேண்டாம்.”

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் சரியான தூக்கம் இல்லை போலிருந்தது. கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது.

“உம்மள மாத்துனா புதுசா வாறவன் எப்படி இருப்பானோ. நீரு அங்கனயே இரும். உம்மள நம்பித்தான் நான் இருக்கேன்.”

“ஊருல ஒரு மாதிரி பேசுதாவ சார்.”

“என் காதுலயும் விழுது. தெனமும் விழுது.” இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “போயி தண்ணியைப் பாரும்.”

சுடலையாண்டிக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. பத்து மணிப் போன், பெருமூச்சு, நல்லாப் பாத்தீரா என்ற கேள்வி. தன்னை அருவியிலேயே விட்டுவைத்து, கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இன்ஸ்பெக்டர் காத்திருக்கிறார்.

இனி எல்லாவற்றுக்கும் சாட்சி வேண்டும் என்று முடிவு செய்தார். மணிக்கு ஒரு தடவை ‘ஐந்து கிளை, தனித்தனி’ என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவரிடம் பெயர், ஊர், போன் நம்பரோடு கையெழுத்து வாங்கினார். முதல் நாள் விருதுநகர்க்காரர் ஒருவரும் கொல்லத்திலிருந்து வந்த ஒரு குடும்பமும் போட்டார்கள். இரண்டாம் நாள் கையெழுத்துப் போட ஆளே தேடி வந்தது. மூன்றாம் நாள் வரிசை நின்றது.

“குலுக்கல் எப்ப அண்ணாச்சி?” என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

“என்ன குலுக்கல்?”

“போன் நம்பர் வாங்குதியளே. மொதல் பரிசு பைக்குன்னு சொன்னாவ.”

சுடலையாண்டி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். வரிசை கலையவில்லை. பரிசு தீர்ந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டியதாயிற்று.

இதற்குள் ஆடி முடியப்போனது. கடைசி வெள்ளிக்கு இரண்டு நாள்தான் பாக்கி. இசக்கிச்செல்வி கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். கேட்டால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. மஞ்சு தன் துணிகளைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சிரிப்புச் சிரித்தாள். ஒன்றுமில்லை என்று சொல்கிற அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை காலையில் மலை கருத்தது. பன்னிரண்டு மணிக்கு ஒன்றாம் கிளையும் இரண்டாம் கிளையும் கை கோத்தன. பன்னிரண்டே காலுக்கு ஐந்தும் ஒன்றாகி, செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு விழுந்தது. கண் தெரியாதவனுக்குக்கூடச் சத்தத்தில் தெரியும். சுடலையாண்டி விசிலை ஊதினார். ஆள்களை வெளியேற்றினார். கயிற்றைக் கட்டினார். பலகையை வைத்தார். மனசுக்குள் ஒரு கலக்கமும் இல்லை, நியாயமான தடை. இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார்.

“தடை போட்டாச்சு சார்.”

“போட்டாச்சா?” என்றார் இன்ஸ்பெக்டர். அடுத்த நொடி போன் வைக்கப்பட்டுவிட்டது. இத்தனை நாளில் அவர் இப்படிப் பாதியில் வைத்ததில்லை. கோபமாக இருக்கும் என்று சுடலையாண்டி நினைத்தார். வீட்டுக்கு அவர் போன் செய்யவில்லை. செய்யவும் தேவையில்லை. தினமும் வந்து பெஞ்சில் காத்திருந்த பதினோரு பெண்களும் அப்போதே ஆட்டோவில் ஏறியிருந்தார்கள்.

இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் வடிந்தது. ஐந்தும் பிரிந்தன. அவர் கயிற்றில் கை வைத்தபோது போன் அடித்தது.

“ஏங்க, எல்லாம் எடுத்தாச்சு. பில்லு போட நிக்கேன். முன்னால ஒரே ஒரு ஆளுதான்.”

“சீக்கிரம் போடு செல்வி. தண்ணி பிரிஞ்சிட்டு. அவுக்கப் போறேன்.”

“அவுத்துராதிய. அவுத்தா கடை மைக்குல சொல்லிருவாவ. அந்த நிமிஷமே பில்லை நிறுத்திருவாவ.”

“ஒரு ஆளுதானே நிக்கிதுன்னே?”

“ஆளு ஒண்ணுதான். பில்லு ஏழு. சேலைக்கு ஒண்ணு, துண்டுக்கு ஒண்ணு, கைக்குட்டைக்கு ஒண்ணுன்னு பிரிச்சுப் பிரிச்சுப் போடச் சொல்லுதா அந்தம்மா. பில்லுக்கு ஒரு வாளில்லா.”

“ஒரு சத்தம் போடேன்.”

“போட்டேன். திரும்பி ஒரு பார்வை பாத்தா. மொதலாளியே கையைக் கட்டிட்டு நிக்காரு, நான் எங்க பேச.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். “மஞ்சு கூடத்தான் நிக்கா.”

சுடலையாண்டி கயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு நின்ற மலையாளி ஒருவர் அருகே வந்தார். “சாரே, வெள்ளம் கொறஞ்ஞல்லோ.”

“மேல மலையில மழை பெய்யுது” என்றார் சுடலையாண்டி.

எல்லாரும் மலையைப் பார்த்தார்கள். மலைமேல் பளிச்சென்று வெயில் அடித்தது. போலீஸ்காரர் சொன்னால் வெயிலும் மழைதான் என்று நினைத்துக்கொண்டு நடுங்கியபடியே நின்றார்கள். நோட்டில் சாட்சிக் கையெழுத்து வாங்கிய அதே கை இப்போது கயிற்றைக் காவல் காத்தது. போன் மறுபடி அடித்தது. இன்ஸ்பெக்டர்.

“ஏட்டையா, தண்ணி எப்படி?”

இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் நாக்கு பிசகியது. “இன்னும்... கொஞ்சம் இருக்கு சார்.”

“இருக்கா? நல்லது. அவசரப்பட்டு அவுத்துராதீரும். உசுரு விஷயம்.”

குத்திக்காட்டுகிறார் என்று சுடலையாண்டி நினைத்தார். எதிரே எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டே பேசுகிறாரோ என்று சுற்றும்முற்றும் பார்த்தார். சிப்ஸ் கடையும் குரங்குகளும்தான் இருந்தன.

இருபத்திரண்டு நிமிடம். பிறகு ஒரு மிஸ்டு கால் வந்தது. அவர் கயிற்றை அவிழ்த்தார். கூட்டம் அவரைத் தாண்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடியது. ஓடுகிற போக்கில் அந்த மலையாளி அவருக்கு நன்றி சொன்னார். அதுதான் அவரை அறைந்த மாதிரி இருந்தது.

ஐந்து நிமிடம் கழித்து இசக்கிச்செல்வி கூப்பிட்டாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

“சேலை வேட்டி எல்லாம் பில்லு போட்டாச்சு. வாளி இல்லங்க. கடைசி வாளியும் அந்தம்மாவுக்குப் போயிட்டு. ஸ்டாக் உள்ளவரைன்னு பேனர்ல பொடி எழுத்துல போட்டிருக்காம்.”

சுடலையாண்டி பெஞ்சில் உட்கார்ந்தார். மகளுக்கு வாளி இல்லை. தனக்கு மரியாதை இல்லை. இருபத்தெட்டு வருடத்தை இருபத்திரண்டு நிமிடத்தில் பாதி விலைக்குக் கொடுத்தாயிற்று. அந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக அவரால் முடியாது. நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினார்.

‘மதிப்பிற்குரிய ஐயா, இன்று பிற்பகல் 2.40 மணிக்கு நீர்வரத்து இயல்பு நிலைக்கு வந்துவிட்டது. என் மனைவி துணிக்கடையில் பில் போட நின்றதாலும், அவருக்கு முன்னால் நின்ற பெண்மணி ஒருவர் ஏழு பில்கள் போட்டதாலும், 3.02 மணி வரை தடையை நீட்டித்தேன். தாங்கள் கேட்டபோது பொய் சொன்னேன். எந்தத் தண்டனையும் ஏற்கிறேன்.’

ஐந்து மணிக்கு ஜீப் வந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்பக்கம் ஏதோ கடகடவென்று உருண்டது. கலவரத்துக்குக் கொண்டுபோகிற ஹெல்மெட்டாக இருக்கும் என்று நினைத்தார். இன்ஸ்பெக்டர் இறங்கினார். நாலைந்து நாள் கழித்து முகச்சவரம் செய்திருந்தார். சுடலையாண்டி சல்யூட் அடித்துத் தாளை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் படித்தார். நடுவில் ஓரிடத்தில் நின்று, திரும்ப அதையே படித்தார். ஒரு தடவை இருமினார்.

“இந்தப் பெண்மணி யாருன்னு விசாரிச்சீரா?”

“இல்ல சார். விசாரிக்கட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம்.” தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். “உம்ம வீட்டம்மாவுக்கு வாளி கிடைச்சுதா?”

“இல்ல சார். தீந்துட்டாம்.”

இன்ஸ்பெக்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “பாண்டியராஜ், பின்னால கிடக்குறதுல ஒண்ணை எடுத்து ஏட்டையாட்ட குடு. வீட்டுல எண்ணிப் பாத்தா நான் சொல்லிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அருவியைப் பார்த்து நடந்தார். ஐந்து கிளையும் தனித்தனியாக விழுவதை அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

பாண்டியராஜ் ஜீப்பின் பின்கதவைத் திறந்தான். ஏழு சிவப்பு வாளிகள். ஒவ்வொன்றிலும் ஐந்தருவிப் படம். சுடலையாண்டி வாளியைப் பார்த்தார், அங்கே நிற்கிற இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், திரும்ப வாளியைப் பார்த்தார்.

பாண்டியராஜ் ஒரு வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

“இன்னைக்கு மட்டும்னு நெனைக்காதிய அண்ணாச்சி. தெனமும் பத்து மணிக்குத் தண்ணி எப்படின்னு ஐயாவைக் கேக்கச் சொன்னதே அந்த ஏழு பில்லு அம்மாதான்.”